சேப்பாக்கம் துடுப்பாட்ட அரங்கமும் சுற்றுப்புறமும்

எம். ஏ. சிதம்பரம் அரங்கம் என்பது தமிழ்நாட்டின் தலைநகர் சென்னையில் சேப்பாக்கம் பகுதியில் அமைந்துள்ள துடுப்பாட்ட (கிரிக்கெட்) விளையாட்டரங்கம் ஆகும். பொதுவாக இது சேப்பாக்கம் அரங்கம் என்றே அழைக்கப்படுகின்றது. 1916 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இவ்வரங்கம் இந்தியாவின் மிகப் பழமையான துடுப்பாட்ட அரங்கங்களுள் ஒன்றாகும். இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்த எம். ஏ. சிதம்பரம் அவர்களின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. தமிழ்நாடு அணிக்கும், இந்தியன் பிரீமியர் லீக் போட்டிகளில் விளையாடும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கும் இது தாய் அரங்கமாக விளங்குகின்றது.

அரங்கைச் சுற்றி நடந்து செல்லும் தொலைவிலேயே ஆற்காட்டு நவாபின் அரண்மனை, சென்னைப் பல்கலைக்கழகம், மெரீனா கடற்கரை, திருவல்லிக்கேணிக் கோயில், வாலாஜா பள்ளிவாசல், மாநில அரசு அலுவலகங்கள் ஆகியன அமைந்துள்ளன. இக்கட்டுரை அரங்கின் வரலாறு, சுற்றுப்புறம், பருவம், சென்றடையும் வழி ஆகியவற்றை, குறிப்பாகக் காவிரிப் படுகையில் இருந்து வருவோரைக் கருத்தில் கொண்டு விளக்குகின்றது.

அமைவிடம்

அரங்கத்தின் வடக்கே வாலாஜா சாலையும், மேற்கே பெல்ஸ் சாலையும், தெற்கே விக்டோரியா விடுதிச் சாலையும், கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் உள்ளன. கால்வாயை ஒட்டிப் பறக்கும் தொடருந்துப் பாதையின் சேப்பாக்கம் நிலையம் அமைந்துள்ளது. கால்வாய்க்கு அப்பால் சேப்பாக்கம் அரண்மனையும், அதற்கு அடுத்துக் காமராசர் சாலையும் மெரீனா கடற்கரையும் உள்ளன. அரங்கில் இருந்து கடற்கரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால், பிற்பகலில் வீசத் தொடங்கும் கடற்காற்று அரங்கத்தையும் எட்டுகின்றது.

வரலாறு

அரங்கம் அமைந்துள்ள நிலம் முன்பு ஆற்காட்டு நவாபின் அரண்மனை வளாகத்தைச் சேர்ந்ததாகும். 1855 இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்த பின்னர் அரண்மனையும் அதன் நிலங்களும் ஆங்கில அரசின் வசமாயின. 1846 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் துடுப்பாட்டக் கழகம் 1865 இல் சேப்பாக்கத்தில் இடம் பெற்று ஆடத் தொடங்கியது. அக்காலத்தில் இக்கழகம் ஐரோப்பியருக்கு உரியதாக இருந்தது. பின்னர் ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையே மாகாண ஆட்டங்கள் நடத்தப்பட்டன. 1952 வரை நடைபெற்ற இவ்வாட்டங்கள் பொங்கல் விடுமுறையின் சிறப்பு நிகழ்வாக விளங்கின.

1934 பெப்ரவரியில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டமே இங்கு நடைபெற்ற முதலாவது தேர்வுத் துடுப்பாட்டம் (டெஸ்ட்) ஆகும். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று மெட்ராஸ், மைசூர் அணிகளுக்கிடையே ரஞ்சிக் கோப்பையின் முதலாவது ஆட்டம் இங்கு தொடங்கி, அன்றே முடிவுற்றது. மெட்ராஸ் அணியின் ஏ. ஜி. ராம் சிங் அவ்வாட்டத்தில் 11 இலக்குகளை (விக்கெட்) வீழ்த்தினார்.

1952 பெப்ரவரியில் விஜய் அசாரே தலைமையிலான இந்திய அணி இங்கிலாந்தை ஓர் ஆட்டப்பகுதி மற்றும் 8 ஓட்டங்களால் வென்றது. இதுவே தேர்வுத் துடுப்பாட்டத்தில் இந்தியா பெற்ற முதல் வெற்றியாகும். வினூ மன்கட் இவ்வாட்டத்தில் 12 இலக்குகளை வீழ்த்தினார். 1956 முதல் 1965 வரை சென்னையின் தேர்வு ஆட்டங்கள் மாநகராட்சி விளையாட்டரங்கில் நடைபெற்றன. 1967 சனவரியில் அவை மீண்டும் சேப்பாக்கத்திற்குத் திரும்பின.

குறிப்பிடத்தக்க பிற ஆட்டங்கள்:

1975 சனவரி: மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் குண்டப்பா விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்தார். அணியின் மொத்த ஓட்டங்கள் 190 மட்டுமே. இந்தியா 100 ஓட்டங்களால் வென்றது.

1983 திசம்பர்: சுனில் கவாஸ்கர் தமது 30 ஆவது தேர்வு நூறைப் பெற்று டொனால்ட் பிராட்மனின் சாதனையைக் கடந்தார். ஆட்டமிழக்காமல் 236 ஓட்டங்கள் எடுத்தார்.

1986 செப்டம்பர்: இந்தியாவும் ஆத்திரேலியாவும் ஆடிய தேர்வு ஆட்டம் சமநிலையில் முடிந்தது. தேர்வு வரலாற்றில் இவ்வாறு முடிந்த இரண்டாவது ஆட்டம் இதுவாகும்.

1988 சனவரி: நரேந்திர இர்வானி தமது முதலாவது தேர்வு ஆட்டத்திலேயே 16 இலக்குகளை வீழ்த்தினார்.

1999 சனவரி: பாக்கித்தான் 12 ஓட்டங்களால் இந்தியாவை வென்றது. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் வெற்றி கிட்டவில்லை. தோல்வியைக் கண்ட பார்வையாளர்கள் எழுந்து நின்று பாக்கித்தான் அணியினரைக் கைதட்டிப் பாராட்டினர். சேப்பாக்கம் பார்வையாளர்களின் பண்புக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்வு இன்றும் கூறப்படுகின்றது.

2008 மார்ச்: தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வீரேந்தர் சேவாக் 319 ஓட்டங்கள் எடுத்தார்.

2016 திசம்பர்: இங்கிலாந்துக்கு எதிராகக் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் எடுத்தார்.

பார்வையாளர் மாடங்களும் வழக்கும்

2011 உலகக் கிண்ணப் போட்டிகளை முன்னிட்டு அரங்கம் பெருமளவில் திருத்தி அமைக்கப்பட்டது. பழைய மாடங்களின் கனத்த கூரைகளுக்குப் பதிலாக, கடற்காற்று உட்புகும் வகையில் இழுவிசைத் துணிக் கூரைகள் அமைக்கப்பட்டன. ஆனால் புதிதாகக் கட்டப்பட்டவற்றுள் ஐ, ஜே, கே எனும் மூன்று மாடங்கள் கட்டட அனுமதி தொடர்பான சிக்கலில் அகப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஏறத்தாழ 12,000 இருக்கைகள் கொண்ட இம்மாடங்கள் 2012 முதல் பெரும்பாலான ஆட்டங்களில் ஆளின்றி இருந்தன. நுழைவுச்சீட்டுக் கிடைக்காதோர் வெளியே நிற்க, தொலைக்காட்சியில் வெற்று மாடங்கள் காட்டப்பட்டதை அக்கால ஆட்டங்களின் பதிவுகளில் காணலாம்.

அரங்கத்தின் நிலம் மாநில அரசிடம் குத்தகைக்குப் பெறப்பட்டதாகும். குத்தகை, கட்டட விதிகள் ஆகியவற்றில் தீர்வு ஏற்பட்ட பின்னர், 2021 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது தேர்வு ஆட்டத்தின்போது மாடங்கள் திறக்கப்பட்டன. 2023 மார்ச்சில் கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான புதிய மாடம் திறந்து வைக்கப்பட்டது.

காவிரிச் சிக்கலும் அரங்கமும்

பொது வாழ்வின் சிக்கல்கள் இவ்வரங்கத்தைப் பலமுறை பாதித்துள்ளன. 2013 இல் ஈழத்தமிழர் சிக்கல் காரணமாக, சென்னையில் நடந்த இந்தியன் பிரீமியர் லீக் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் பங்கேற்கவில்லை.

2018 இல் நேர்ந்தது காவிரிப் படுகையோடு நேரடித் தொடர்பு உடையது. காவிரி நீர்ப் பகிர்வு வழக்கில் 2018 பெப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் வழங்கப்பட வேண்டும் என்றும், அதனைச் செயற்படுத்தும் திட்டத்தை ஆறு வாரங்களுக்குள் நடுவண் அரசு அமைக்க வேண்டும் என்றும் கூறியது. காலக்கெடு முடிந்தும் திட்டம் அமைக்கப்படாததால் மாநிலம் முழுவதும் போராட்டங்கள் எழுந்தன. காவிரிப் படுகையில் நீர் இன்றிப் பயிர் வாடும்போது சென்னையில் கேளிக்கை வேண்டாம் என்பது போராட்டக்காரர்களின் கோரிக்கையாக இருந்தது.

இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின்னர் சென்னை அணி தாய் அரங்கில் ஆடிய முதல் ஆட்டம் ஏப்ரல் 10 அன்று பலத்த காவலுடன் நடைபெற்றது. அண்ணா சாலையிலும் அரங்கைச் சுற்றிலும் போராட்டங்கள் நடந்தன. மாடத்தில் இருந்து காலணிகள் மைதானத்துக்குள் வீசப்பட்டன. இதன் பின்னர் சென்னையில் நடைபெற இருந்த எஞ்சிய ஆறு ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. காவிரி மேலாண்மை ஆணையம் 2018 சூன் 1 அன்று அமைக்கப்பட்டது.

இக்கோரிக்கையின் பின்னணி படுகையின் பாசன வரலாற்றில் உள்ளது. குறுவைப் பயிருக்காக மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12 அன்று திறக்கப்படும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒருமுறை கூட அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2018 இல் சூலை 19 அன்றே திறக்கப்பட்டது. திருவாரூர் மாவட்டத்தின் நீடாமங்கலம் அருகே உள்ள மூணாறு தலைப்பில் வெண்ணாற்றில் இருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. மேட்டூரில் திறக்கப்படும் நீர் அங்கு வந்து சேரும் நாளைப் பொறுத்தே அவ்வாறுகளின் வழி பாசனம் பெறும் வயல்களில் நடவு தொடங்குகின்றது.

இப்பாசனத்தை நிர்வகிக்கும் மாநில நீர்வளத் துறையின் தலைமை அலுவலகம் அமைந்திருப்பதும் சேப்பாக்கத்திலேயே ஆகும். சேப்பாக்கம் அரசு விருந்தினர் மாளிகைப் பகுதி நீண்ட காலமாக ஆர்ப்பாட்டங்கள் நடைபெறும் இடமாகவும் அறியப்படுகின்றது.

சுற்றுப்புறத்தில் காணத்தக்கவை

சேப்பாக்கம் அரண்மனை: 1768 இல் நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது. கல்சா மகால், உமாயூன் மகால் என இரு பகுதிகளைக் கொண்டது. இந்தோ-சரசனிக் பாணியின் தொடக்கக் கட்டடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. 2012 சனவரியில் ஏற்பட்ட தீயில் கல்சா மகால் பெரிதும் சேதமடைந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டது.

செனட் இல்லம்: கட்டடக் கலைஞர் இராபர்ட் சிசோமின் வடிவமைப்பில் 1879 இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகக் கட்டடம். தெற்கே உள்ள மாநிலக் கல்லூரிக் கட்டடமும் அவர் வடிவமைத்ததே ஆகும்.

மெரீனா கடற்கரை: வாலாஜா சாலையின் கிழக்கு முனைக்கு எதிரே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை உள்ளது. அதன் வடக்கே கா. ந. அண்ணாதுரை, ம. கோ. இராமச்சந்திரன், ஜெ. ஜெயலலிதா, மு. கருணாநிதி ஆகிய முன்னாள் முதலமைச்சர்களின் நினைவிடங்கள் உள்ளன.

வாலாஜா பள்ளிவாசல்: திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1795 இல் கருங்கல்லால் கட்டப்பட்டது. பெரிய பள்ளிவாசல் எனவும் அழைக்கப்படுகின்றது.

பார்த்தசாரதி கோயில்: 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இங்கு உள்ளது. நண்பகலில் நடை சாத்தப்படுவதால் காலையிலோ மாலையிலோ செல்வது நன்று. கோயிலுக்கு அருகே, சுப்பிரமணிய பாரதியார் 1921 இல் மறையும் வரை வாழ்ந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகின்றது.

விவேகானந்தர் இல்லம்: அமெரிக்காவில் இருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட பனிக்கட்டியைச் சேமிக்க 1842 இல் கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்னும் பழைய பெயர் இதனால் ஏற்பட்டதாகும். 1897 இல் சுவாமி விவேகானந்தர் இங்கு தங்கினார்.

பருவமும் ஆட்டங்களும்

சனவரி, பெப்ரவரி மாதங்களே ஆட்டம் காண மிகவும் ஏற்ற காலம் ஆகும். 1967 முதல் 1988 வரை பல தேர்வு ஆட்டங்கள் பொங்கலையொட்டி நடைபெற்றதால் 'பொங்கல் டெஸ்ட்' என்னும் வழக்கு உருவானது. படுகையில் சம்பா அறுவடை நடைபெறும் காலமும் இதுவே.

இந்தியன் பிரீமியர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் கோடையில், மாலை வேளைகளில் நடைபெறுகின்றன. பகல் ஆட்டத்துக்குச் செல்வோர் வெயிலுக்கு ஆயத்தமாகச் செல்ல வேண்டும். 1986 ஆட்டத்தில் 210 ஓட்டங்கள் எடுத்த ஆத்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ், வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் உடல் நலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆகும். 2004 அக்டோபரில் ஆத்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில், இறுதி நாளில் இந்தியாவின் வெற்றிக்கு 210 ஓட்டங்களே தேவைப்பட்ட நிலையில், மழையால் ஒரு பந்து கூட வீசப்படவில்லை. இப்பருவத்தில் தொலைவில் இருந்து வருவோர் மழைக்கான வாய்ப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

சென்றடையும் வழி

நீடாமங்கலம் சந்திப்பில் தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி ஆகிய மூன்று திசைப் பாதைகள் கூடுகின்றன. மன்னார்குடிப் பாதை 2011 இல் மீண்டும் திறக்கப்பட்டது. மன்னார்குடிக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே இரவில் ஓடும் மன்னை விரைவுத் தொடருந்து நீடாமங்கலம் வழியே செல்கின்றது. அதில் புறப்படுவோர் மறுநாள் காலை எழும்பூரை அடையலாம். தஞ்சாவூர், கும்பகோணம் பகுதியினருக்கு உழவன் விரைவுத் தொடருந்தும் உள்ளது.

எழும்பூரில் இருந்து அரங்கம் 3 முதல் 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. புறநகர்த் தொடருந்தில் அடுத்த நிலையமான பூங்கா நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் தொடருந்தில் ஏறினால், சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்தது சேப்பாக்கம் நிலையம் ஆகும். 2019 இல் திறக்கப்பட்ட அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இருந்து வாலாஜா சாலை வழியே நடந்தும் அரங்கை அடையலாம்.

பயணத் திட்டம்

காலையில் எழும்பூரை அடைவோர் வெயில் ஏறும் முன் பார்த்தசாரதி கோயிலையும் பாரதியார் இல்லத்தையும் கண்டு, நண்பகல் உணவைத் திருவல்லிக்கேணியில் முடித்துக்கொள்ளலாம். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் உள்ள ரத்னா கபே சாம்பார் இட்லிக்குப் பெயர் பெற்றது. அரங்கின் அருகே உள்ள நாயர் மெஸ் நண்பகல் சாப்பாட்டுக்கு அறியப்பட்டது. ஆட்டம் இல்லாத நாளில் அரங்கின் உட்பகுதியைப் பொதுமக்கள் விரும்பியபோது காண இயலாது. ஆகவே அரங்கையே காண விரும்புவோர் ஆட்ட நாளைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம். பன்னாட்டு ஆட்டங்களுக்கான நுழைவுச்சீட்டுகளை முன்கூட்டியே பெற வேண்டும். தமிழ்நாடு அணியின் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் கூட்டம் குறைவு என்பதால், ஆட்டத்தை அமைதியாகக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு அவை ஏற்றவை.

ஆட்ட நாட்களில் வாலாஜா சாலையிலும் பெல்ஸ் சாலையிலும் போக்குவரத்து மாற்றி விடப்படுவதால் சொந்த ஊர்திகளைத் தவிர்ப்பது நன்று. பெரிய பைகள், தண்ணீர்ப் புட்டிகள் ஆகியன நுழைவாயிலில் அனுமதிக்கப்படுவதில்லை. மாலையில் தொடங்கும் ஆட்டங்கள் இரவு 11 மணியைத் தாண்டியும் நீடிப்பதுண்டு. அன்றிரவே எழும்பூரில் இருந்து புறப்படும் தொடருந்துகளைப் பிடிப்பது கடினம் என்பதால், திரும்பும் பயணச்சீட்டை மறுநாளுக்கு எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. வேலை தேடியும் படிப்புக்காகவும் வெளி மாவட்டங்களில் இருந்து வரும் இளைஞர்கள் நெடுங்காலமாகத் தங்கிவரும் திருவல்லிக்கேணி மேன்சன்கள் அரங்கில் இருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.