இறப்புச் சுற்றுமடலும் ஒரு துறவியின் தன்வரலாறும்: லிசியே கார்மெல் மடத்தை முன்வைத்து

பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள லிசியே நகரில் 1838இல் நிறுவப்பட்ட கார்மெல் மடம், தமிழ்க் கத்தோலிக்கர் 'சிறுமலர்' என்றும் 'குழந்தை இயேசுவின் தெரேசா' என்றும் போற்றும் துறவியால் உலகறிந்ததாயிற்று. அவருடைய 'ஓர் ஆன்மாவின் வரலாறு' பெரும்பாலும் பக்தி நூலாகவே வாசிக்கப்படுகிறது. இறந்த சகோதரியரை நினைவுகூரும் மடல் மரபு ஒன்று அந்நூலின் உருவாக்கத்தில் பெற்ற பங்கு அவ்வாசிப்பில் மறைந்துவிடுகிறது.

கார்மெல் துறவியர் மடத்தின் அடைப்பைக் கடந்து வெளியே செல்வதில்லை; ஒரு மடத்தார் மற்றொரு மடத்தாரைக் காண்பதும் அரிது. எனவே ஒருவர் இறந்தால், மடத்தலைவி அவருடைய வாழ்வையும் இறப்பையும் எழுதிப் பிற கார்மெல் மடங்களுக்கு அனுப்புவார். இறந்தவரின் ஆன்மாவுக்காக மன்றாடுமாறு வேண்டுவதே அம்மடலின் அடிப்படை நோக்கம். இடைக்காலத்தில் மடந்தோறும் எடுத்துச் செல்லப்பட்ட இறப்புச் சுருள்களும் இதனையே செய்தன. இங்கிலாந்தின் ஹெடிங்காம் மடத்தலைவி லூசிக்கான 13ஆம் நூற்றாண்டுச் சுருள் பிரித்தானிய நூலகத்தில் இன்றும் உள்ளது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கள் தம் மன்றாட்டு உறுதியைப் பதிந்துள்ளன. பிற்காலச் சுற்றுமடலிலோ இறந்தவரின் நற்பண்புகளே மிகுதியான இடத்தைப் பெற்றன. அதனால் எடுத்துரைக்கத்தக்க செய்தி ஒவ்வொரு வாழ்விலும் இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உடன் வளர்ந்தது.

அந்த எதிர்பார்ப்புக்கு அடங்காத இறப்புகளும் இருந்தன. 1891 டிசம்பர் 5 அன்று மடத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜென்வியேவ் அன்னை இறந்தபோது, அவருடைய இமையில் நின்ற இறுதிக் கண்ணீர்த்துளியைத் தெரேசா ஒரு துணியில் ஒற்றியெடுத்துப் பாதுகாத்தார். அடுத்த சில வாரங்களில் இன்புளுவென்சா மடத்திற்குள் பரவியது. 1892 ஜனவரி 2, 4, 7 ஆகிய நாள்களில் மூவர் இறந்தனர். முதல் இறப்பு நேர்ந்த நாள் தெரேசாவின் 19ஆம் பிறந்தநாளாகும். மூன்றாமவரான மதலேன் சகோதரி, எவரும் உடனில்லாத நிலையில் தம் அறையிலேயே இறந்து கிடந்தார். தெரேசாதான் அவரைக் கண்டு, மெழுகுதிரியும் ரோசாமலர் முடியும் எடுத்துவந்து வைத்தார். சகோதரியர் சூழ்ந்து மன்றாட உயிர் பிரிவதே மடத்து மரபு போற்றிய நல்லிறப்பு. இக்காட்சி அதனினும் வேறானது. இது தெரேசாவின் கையெழுத்துப்படியில் பதிவாகியிருப்பது தற்செயலன்று. அவர் எழுதியது தலைவிக்குரிய கடமை மடல் அன்று, தம் நினைவுகளை.

தெரேசா நோயுற்றுக் கிடந்தபோது, அவர் இறந்தபின் மடத்தலைவி எழுதுவதற்கு என்ன இருக்கப்போகிறது என்று சகோதரி ஒருவர் வியந்ததாக அறியப்படுகிறது. இக்கூற்று பின்னாளில் புனிதரின் தாழ்மைக்குச் சான்றாகவே எடுத்தாளப்பட்டது. ஆயினும் அது மடல் மரபு சார்ந்த உண்மையான கவலையும் ஆகும். தெரேசாவின் உடன்பிறந்தவரும் முன்னாள் தலைவியுமான ஆக்னஸ் அன்னைக்கும் அக்கவலை இருந்தது. 1897 ஜூன் தொடக்கத்தில் அவர் அப்போதைய தலைவி மரி த கோன்சாக் அன்னையை அணுகினார். தமக்காகத் தெரேசா முன்பு எழுதிய குறிப்புகளில் துறவு வாழ்வு பற்றி மிகுதியாக இல்லை, சுற்றுமடலுக்கு அவை போதா என்று கூறினார். தலைவியின் கட்டளைப்படி தெரேசா மீண்டும் எழுதத் தொடங்கினார். தம் இறப்பு மடலுக்கான மூலப்பொருளைத் தாமே எழுதிய அப்படியின் இறுதிப் பக்கங்கள், கை தளர்ந்தமையால் பென்சிலால் எழுதப்பட்டவை.

செப்டம்பர் 30 அன்று தம் 24ஆம் வயதில் அவர் இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, வழக்கமான சுற்றுமடலுக்கு மாற்றாக 475 பக்க நூல் ஒன்று 2000 படிகள் அச்சாகிக் கார்மெல் மடங்களுக்குச் சென்றது. மூன்று பேருக்கு வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்ட மூன்று கையெழுத்துப்படிகள், முழுவதும் மரி த கோன்சாக் அன்னையை விளித்து எழுதியவைபோல அதில் மாற்றப்பட்டிருந்தன. ஆக்னஸ் அன்னை ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தங்களும் செய்திருந்தார். இதனை வெறும் மோசடி எனக் கொள்வது பொருந்தாது. அவர் தம் மரபு அனுமதித்தபடி, பிற மடங்கள் படிக்கத்தக்க ஒரு சகோதரியை உருவாக்கினார். எனினும் 1898ஆம் ஆண்டுப் பதிப்பை மட்டும் சான்றாகக் கொண்டு தெரேசாவின் நடையையோ எண்ணத்தையோ வரையறுக்க இயலாது. ஆக்னஸ் அன்னை 1951இல் மறைந்த பின்னரே, 1956இல் மூலப்படிகளின் நிழற்பதிப்பு வெளிவந்தது.