தனிநாயகம் அடிகளாரும் தொடக்ககால அச்சுத் தமிழும்

சேவியர் தனிநாயகம் அடிகளாரின் (1913–1980) பெயர் பெரும்பாலும் உலகத் தமிழ் மாநாடுகளோடு இணைத்தே பேசப்படுகிறது. மொழியியலாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் பிறிதொன்று. அயல்நாட்டு நூலகங்களில் கிடந்த தொடக்ககாலத் தமிழ் அச்சுநூல்களை ஆய்வுலகின் பார்வைக்கு அவர் கொணர்ந்தமையே அது.

யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பொன்னில் பிறந்த அடிகளார், உரோமாபுரியில் இறையியல் பயின்று 1938இல் குருவானார். வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது தமிழிலக்கியங்களை முறையாகக் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அக்கல்வியைத் தொடர்ந்தார். 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராகவும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராகவும் பணியாற்றினார். குருத்துவக் கல்வி அளித்த இலத்தீன் அறிவும், பின்னர் கற்ற போர்த்துக்கீசியமும் ஐரோப்பிய நூலகங்களை அவருக்குத் திறந்துவிட்டன.

1554இல் லிசுபனில் அச்சான ‘கார்த்தில்லா’ தமிழை ரோமன் எழுத்தில் தந்து போர்த்துக்கீசியப் பொருளையும் உடன் தருகிறது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. இறைவனைக் குறிக்க அந்நூல் ‘தம்பிரான்’ என்னும் வழக்குச் சொல்லை ஆள, பின்வந்தோர் ‘சருவேசுரன்’ என்னும் வடசொல்லை நாடினர். கலைச்சொல்லாக்கத்தில் இன்றும் தொடரும் இவ்விரு போக்குகளின் தொடக்கத்தை இந்நூல்கள் காட்டுகின்றன. தாம் நிறுவிய ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழில் 1958இல் எழுதிய கட்டுரையில் அடிகளார் இத்தொடக்ககால நூல்களை ஆராய்ந்தார்.

இவற்றினும் மொழியியலுக்குப் பெரிதும் பயன்படுவது அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. ஆசிரியர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அது அச்சாயிற்று. நிகண்டுகள் செய்யுட்சொற்களைப் பொருள்வகையாற் தொகுத்தன. இவ்வகராதியோ சொற்களை அகரவரிசையில் அடுக்கி, அன்றாட வழக்குக்கும் இடமளித்தது. ஆகவே, பேச்சுச்சொல் ஒன்று பதினேழாம் நூற்றாண்டில் வழங்கியது என்பதற்கு இது சான்றாக நிற்கிறது. புள்ளி பெறாத மெய்யையும், குறில் நெடில் வேறுபாடு காட்டாத எகர ஒகரங்களையும் சூழல்கொண்டு பிரித்தறிதல் வேண்டும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

வத்திக்கான் நூலகத்தில் இவ்வகராதியின் படியைக் கண்ட அடிகளார், அதனை 1966இல் கோலாலம்பூரில் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அந்நகரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமாயிருந்தவரும் அவரே.

மன்றமும் பதிப்பும் ஒரே நோக்கின் இரு கூறுகள். தமிழாய்வுக்குரிய சான்றுகள் உலகெங்கும் சிதறியுள்ளமையால், ஆய்வாளர் ஒன்றுகூடுதலும் சான்றுகளைப் பொதுவாக்குதலும் உடன் நிகழ வேண்டும் என அவர் கருதினார். சான்றைத் தேடிக் கண்டதோடு அமையாது, அதனைப் பிறரும் சோதித்தறிய வழிசெய்த கல்வியாளர் என்பதே அவருக்குரிய சிறப்பாகும்.