தூண் வந்த வழி

பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து ஒரே வளாகத்தில் நிறுத்திக் காட்டும் யோசனை நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. ஸ்டாக்ஹோமில் ஆர்ட்டுர் ஹாஸெலியுஸ் 1891இல் ஸ்கான்ஸெனைத் திறந்தார். தொழிற்சாலைகள் பெருகி, கிராம வாழ்க்கை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்த காலம். நம் பக்கத்தில் இதே காரியத்தை, முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா செய்துவருகிறது. இடிபட இருந்த வீடுகளை வாங்கிப் பிரித்து, தச்சர்களை வைத்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். வளாக அமைப்புக்கு யோசனை தந்தவர் லாரி பேக்கர்.

அங்கே செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. இந்த ஜாதித் தூணுக்கு முட்டுக்காடு இரண்டாவது பயணம். செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்கு பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. பார்வையாளர்கள் வியப்பது கடைசிப் பெயர்ப்பை. சரித்திரம் இருப்பதோ முதல் பெயர்ப்பில்.

பகலெல்லாம் வங்கியில் பேரேடு பார்க்கிறவன் நான். மரத்தில் எனக்கு வட்டி தெரிகிறது. ஐராவதிக் கழிமுகத்து நெல் சாகுபடிக்குப் பெருமளவு கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. அடமான நிலம் கைமாறிற்று. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். கொடுத்தவர்களுக்கு வேண்டியிருந்தது பணம். பர்மியக் குடியானவனுக்கு வயலைத் தவிர வேறெதுவும் இல்லை. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. வரும்படி நின்றபின் ஊரில் பல வீடுகள் பூட்டிக்கிடந்தன. பங்காளிகள் பலபேராகிவிட்ட வீட்டைப் பராமரிக்க ஆளில்லாமல் மரமாகப் பிரித்து விற்றார்கள். காரைக்குடிக் கடைகளில் கதவும் தூணும் தனித்தனியே விலைபோயின.

மியூஸியம் காப்பாற்றியது இந்தச் சிதறலிலிருந்துதான். அந்தக் காரியத்தை மதிக்கிறேன். ஆனால் தூணைத் தடவிப் பார்த்து 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடுகிறவர்களிடம், அந்தக் காலத்தில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்றும் சொல்லியாக வேண்டும். உருவம் உருவம் என்று இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கும் இதில் பாடமிருக்கிறது. தூணின் கடைசலை ரசிக்கிறவன், அது எந்த வயலின் வட்டி என்று கேட்டால் ரசனை கெட்டுவிடாது. கேட்காத ரசனை, மரக்கடைக்காரனின் ரசனை. அவனுக்கும் ரேகை பார்க்கத் தெரியும்.