இசைத்தட்டில் ஏறிய ஓதல்

குர்ஆன் ஓதுவதை எழுத்தைப் பார்த்து மட்டும் கற்றுவிட முடியாது. ஹஸ்ரத் ஓதுவார், பிள்ளை திருப்பி ஓதும், அவர் திருத்துவார். எங்கள் காரைக்கால் மதரசாக்களில் இன்றும் அப்படித்தான். நம் காதுக்கு 'க' என்றே கேட்கும் ஒலி அரபியில் இரண்டு உண்டு. தொண்டையை ஒட்டிச் சொன்னால் 'கல்பு' இதயம். நாக்கு சற்று முன்னே வந்துவிட்டால் அதுவே நாய்! பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை புரியும். அந்தத் தொண்டை 'ர'வை நாங்களும் வாத்தியார் வாயைப் பார்த்துத்தானே பிடித்தோம்.

ஒலிப்பதிவுக் கருவி வந்தபோது ஆலிம்களிடையே பெரிய விவாதம். பெட்டியிலிருந்து வருவது ஓதல்தானா? கேட்டால் நன்மை உண்டா? பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) சையித் உஸ்மான் 1899இலேயே இதுபற்றி எழுதினார். 1934இல் எகிப்து வானொலி ஷேக் முஹம்மது ரிஃபத்தின் ஓதலோடு தொடங்கியது. அவரும் அல்அஸ்ஹர் தலைமை அறிஞரிடம் பத்வா கேட்ட பிறகுதான் மைக் முன் உட்கார்ந்தார்.

அதுவரை வந்தவை பெரும்பாலும் இராகத்தோடு நீட்டி ஓதியவை. கேட்க இனிமை, பாடம் படிக்க உதவாது. 1959இல் கெய்ரோவில் லபீப் அல்ஸயீத் என்பவர் வேறு யோசனை சொன்னார்: குர்ஆன் முழுவதையும் தஜ்வீது பிசகாமல், நிதானமாக ஓதிப் பதிவுசெய்ய வேண்டும். ஓதியவர் ஷேக் மஹ்மூது கலீல் அல்ஹுஸரி. 1961இல் இசைத்தட்டுகள் வெளிவந்தன. முழுக் குர்ஆனும் ஒலிவடிவில் வந்தது அதுதான் முதல் முறை. 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே தொடங்கிய வானொலியும் அவர் பதிவைத்தான் ஒலிபரப்பியது. பிறகு, ஷேக் ஒரு வசனம் ஓதி நிறுத்த, பிள்ளைகள் திருப்பி ஓதும் பதிவுகளும் வந்தன. என்னைக் கேட்டால், பெட்டி பாடம் சொல்லித் தரத் தொடங்கியது அப்போதுதான்.

ஆனால் பெட்டி ஓதுமே தவிர, நாம் ஓதுவதைக் கேட்காது. 'கல்பு' நாயாகிப் போனதை அது சொல்லாது. அதனால் ஹாபிழ் ஆக விரும்பும் பிள்ளை ஹஸ்ரத் முன்னால் உட்காருவது நிற்கவில்லை.

இசைத்தட்டு நம் ஊரில் எத்தனை வீட்டில் இருந்தது? இங்கே பரவியது கேசட்தான். வளைகுடாவுக்குப் போனவர்கள் டேப் ரிக்கார்டரோடு குர்ஆன் கேசட்டுகளையும் கொண்டுவந்தார்கள். வயதுக்கு வந்ததும் மதரசாவை விட்ட பெண்கள் எங்கள் தெருவில் பலர். மத்தியான வேலை முடிந்ததும் கேசட்டைப் போட்டு, நிறுத்தி, திருப்பி ஓட்டி, விட்ட இடத்திலிருந்து அவர்கள் ஓதிய குரல் எங்கள் வீட்டுத் திண்ணைவரை கேட்கும்.