மை தொட்ட விளிம்பு

1904இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுதாக அகற்றினார். உயிர் தப்பினாலும் ஆண்மை போனது. 1982இல் அங்கேயே பேட்ரிக் வால்ஷ், சுரப்பியை ஒட்டி ஓடும் நரம்புகளைக் காத்து அறுவை செய்து, அந்த இழப்பு தவிர்க்கக்கூடியது என்று காட்டினார்.

நரம்பைக் காக்கப்போய்ப் புற்றை விட்டுவைத்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானதே. விடை நோய்க்குறியியல் மேசையில் இருக்கிறது: அகற்றிய சுரப்பியின் மேற்பரப்பில் மை பூசி, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். புற்றணு மையைத் தொட்டிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். ஆனால் திரும்பியே தீரும் என்பதில்லை. தொட்ட நீளமும் புற்றின் வீரியமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, புற்று நெருங்கிய பக்கத்தில் நரம்பைத் துறப்பதும் மற்ற பக்கத்தில் காப்பதுமே இந்த வரலாறு தரும் பாடம்.