வீழ்ந்த விமானங்களின் கணக்கு

தரையில் நடந்த போருக்குக் களம் மிஞ்சுகிறது. கோட்டையின் இடிபாடும், நடுகல்லும், சில வேளைகளில் எலும்பும்கூடக் கிடைக்கின்றன. விமானச் சண்டையோ சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது; சான்றாக நிற்க வேண்டிய பொருள் கடலிலோ காட்டிலோ விழுந்து மறைகிறது. கதிர்காமத்தில் என் இல்லத்துக்கு வரும் மாணவர் சிலர், போர் விமான வரலாற்றைக் கூறும் இதழ்களை ஆவலோடு சேர்த்து வைக்கின்றனர். அவற்றிலுள்ள படங்கள் மிக நேர்த்தியானவை. படங்களின் கீழே அச்சாகும் தொகைகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று காலை, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. பிரிட்டிஷ் தரப்பின் ஹரிக்கேன், புல்மார் விமானங்கள் எதிர்த்துப் போரிட்டன. சண்டை முடிந்ததும், இருபதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வீழ்த்தப்பட்டதாகப் பிரிட்டிஷார் அறிவித்தனர். ஜப்பானியரின் சொந்தக் குறிப்புகளிலோ திரும்பி வாராதவை ஏழு மட்டுமே.

பிரிட்டிஷார் பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒரே விமானத்தின் மீது மூவர் சுடுகின்றனர். அது புகை கக்கிக்கொண்டு தாழ்கிறது. மூவரும் தத்தம் கணக்கில் ஒன்றைச் சேர்க்கின்றனர். கீழேயிருந்து சுட்ட பீரங்கிப் படையினரும் அதையே தம்முடையது என்கின்றனர். புகை கக்கிய விமானம் முகிலுக்குள் நுழைந்து பத்திரமாகத் தாய்க்கப்பலை அடைந்திருக்கலாம். பின்தொடர்ந்து சென்று பார்க்க எவருக்கும் நேரமில்லை. 1940 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்தின் வானில் 185 ஜெர்மன் விமானங்கள் வீழ்ந்தன என்று அறிவிக்கப்பட்டதும் இவ்வாறே நேர்ந்தது. போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களைப் புரட்டியபோது அத்தொகை ஏறக்குறைய அறுபதாகச் சுருங்கிற்று.

வரலாற்றாசிரியர்கள் இதிலிருந்து ஒரு முறையை வகுத்துக்கொண்டனர். இழப்பை, இழந்தவனுடைய ஏட்டிலேயே தேட வேண்டும். எந்த விமானம், எந்த விமானி, எந்த நாள் என்பதை எந்தப் படையும் தன் தேவைக்காகவே எழுதி வைக்கும். மாற்று விமானம் கேட்பதற்கும், இறந்தவர் குடும்பத்துக்கு அறிவிப்பதற்கும் அக்குறிப்பு வேண்டும். ஊருக்குச் சொல்லும் தொகை வேறாக இருக்கலாம். 1965ஆம் ஆண்டுப் போரில் 104 இந்திய விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் கூறிக்கொண்டது. இந்தியாவோ தன் இழப்பு 35 என்றது. பின்னர் நம் பாதுகாப்பு அமைச்சகத்துக்காகத் தொகுக்கப்பட்ட வரலாற்றில் அது 59 என்று காண்கிறது. இரு நாட்டு இதழ்களும் தமக்கு உகந்த தொகையை மட்டும் எடுத்து அச்சிடுவதை இன்றும் காணலாம்.

இத்தகைய எண் சண்டையில் எங்கும் இடம்பெறாமல் போன ஒருவரைப் பற்றி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் குடகு நாட்டைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா. 1965 செப்டம்பர் 7 விடியற்காலையில், பஞ்சாபின் ஆதம்பூர்த் தளத்திலிருந்து நமது மிஸ்தேர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா விமான தளத்தைத் தாக்கச் சென்றன. மிஸ்தேர் பிரான்சு நாட்டில் செய்யப்பட்டது. பிரெஞ்சு பயின்ற புதுச்சேரிப் பெரியவர்கள் அச்சொல்லுக்கு மர்மம் என்று பொருள் கூறுவர். எந்த விமானமாவது பின்தங்கினால் அதன் இடத்தை நிரப்புவதற்கென்றே வைக்கப்பட்டிருந்தவர் தேவய்யா. அவர் சென்றார், திரும்பவில்லை. என்ன நடந்தது என்று கண்டவர் நம் பக்கத்தில் எவருமில்லை. காணாமற் போனவர் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1979ஆம் ஆண்டில் ஜான் பிரிக்கர் என்ற ஆங்கிலேய விமானப் பத்திரிகையாளர் அப்போரைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பாகிஸ்தான் விமானப் படையின் ஒத்துழைப்போடு எழுதப்பட்ட அந்நூல் அப்படைக்குச் சார்பானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதில் ஒரு செய்தி இருந்தது. சர்கோதாவுக்கு அருகே பாகிஸ்தானின் ஸ்டார்பைட்டர் விமானம் ஒன்று மிஸ்தேர் ஒன்றைச் சுட்டது. அடிபட்ட மிஸ்தேர் ஓடாமல் எதிர்த்து நின்று அந்த ஸ்டார்பைட்டரையே வீழ்த்திற்று. பாகிஸ்தானிய விமானி அம்ஜத் ஹுசேன் குதித்து உயிர் தப்பினார். ஸ்டார்பைட்டர் ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறப்பது. மிஸ்தேரோ நேராகப் பறக்கையில் ஒலியின் வேகத்தைக்கூட எட்டாதது. அன்றைய தாக்குதலில் திரும்பாத மிஸ்தேரின் விமானி யார் என்பது நம் படைக்குத் தெரியும்.

எதிரி தன் இழப்பைத் தன் ஏட்டில் உள்ளபடி குறித்து வைத்திராவிட்டால், அல்லது பிரிக்கர் அதைத் தம் நூலில் சேர்க்காமல் விட்டிருந்தால், தேவய்யாவின் கடைசி நிமிடங்கள் எவருக்கும் தெரிந்திரா. 1988ஆம் ஆண்டில், அவர் இறந்து இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. 2025ஆம் ஆண்டில் இந்நிகழ்ச்சியைத் தழுவி 'ஸ்கை போர்ஸ்' என்ற இந்தித் திரைப்படமும் வெளிவந்தது. அதில் வரும் விமானிக்கு வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள்.