பதிவேட்டில் தொலைந்த நிலம்

தோழர்களே, செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை 1010 வந்தது. நம் மக்களுக்குத் தரும் பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டுக்கு விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் நம் மக்களுக்கே. இந்த நிபந்தனைக்குச் சாட்சி பதிவேடுதான்.

1980-களில் யு.டி.ஆர். திட்டத்தில் புதுப் பதிவேடு எழுதியபோது பல ஊர்களில் அந்தக் குறிப்பு விடுபட்டது; வேறு பெயர் ஏறியது. பிறகு அதுவே கணினிக்கும் போனது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் ஊர்கள் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம். பழைய ஆவணத்தை அங்கும் தேடுவோம். ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைப்பது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி அலுவலகத்தின் கடமை. பழைய, புதிய பதிவேடுகளின் நகலை ஊர்வாரியாகக் கேட்டு, சர்வே எண்களை ஒப்பிடுவோம். பதிவேட்டைக் கேட்பதும் நிலப் போராட்டமே.